பதிமூன்றரை இன்ச் பலகை

தம்பி,

அன்றைக்குக் கடையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அட்டையை நான் குறைத்து வெட்டிவிட்டேன்." சொல்ல நேரம் இருந்தது. கடைக்காரர் பில் புத்தகத்தில் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டிருந்தார். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த டிவிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீ பதினான்கு இன்ச் லேப்டாப்பின் மேல் ஒரு கையும், பதினைந்து புள்ளி ஆறின் மேல் இன்னொரு கையும் வைத்தபடி என்னைப் பார்த்தாய். எதை வாங்கலாம் என்று கேட்கிறாய் என நினைத்தேன். நீ கேட்டது வேறு என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே விருதுநகர் பஜாரின் வெயிலைப் பார்த்துக்கொண்டு, "பெருசே எடுத்துருவோம்லே, கண்ணுக்கு நல்லது" என்றேன்.

இதை உன்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு அறை வீட்டில் நாளைக்கு எத்தனையோ முறை எதிரெதிரே வருகிறோம். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நீ ஏதாவது உதவி செய்துகொண்டிருப்பாய்: கேஸ் சிலிண்டரை உருட்டி வருவாய், குடத்தை இறக்குவாய், என் கண்ணாடியைத் துடைத்துத் தருவாய். உதவி செய்துகொண்டிருக்கிறவனிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவன் உடனே மன்னித்துவிடுவான். அது எனக்கு வேண்டாமாயிருந்தது. நீ படித்து முடித்த கல்லூரியின் ஆண்டு மலர் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அச்சாகிறது, பக்கங்களை அடுக்குவதும் நான்தான் என்று உனக்குத் தெரியும். அதில் 'பெற்றோர் பக்கம்' என்று இரண்டு பக்கம் ஒவ்வொரு வருடமும் நிரம்பாமல் கிடக்கும். கடைசி நேரத்தில் ஏதாவது பூ படம் போட்டு நிரப்புவேன். இந்த வருடம் பூவுக்குப் பதிலாக இது. பெயர் போடவில்லை. உனக்குப் பெயர் தேவைப்படாது. மற்றவர்கள் யாரோ ஒரு அம்மா என்று படித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நீ. நீ ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிய வருடம்தான் நான் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். நீ பெருக்கல் வாய்ப்பாடு படித்த வருடம்தான் அச்சகத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்தே வளர்ந்தோம் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன். நான் என்ன புத்தகம் படிக்கிறேன் என்று இந்த வீட்டில் கேட்டது நீ ஒருவன்தான். உன் அப்பா தாராளமான மனிதர், ஆனால் புத்தகம் கையில் இருந்தால் எனக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டு டீ போட்டுத் தருவார். அவ்வளவு நெருக்கமாக இருந்த உன்னைத்தான் நான் ஏமாற்றினேன். எப்படி என்று இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் டம்மி என்று ஒன்று உண்டு. மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலண்டரோ அட்டைப்பெட்டியோ, எந்த ஆர்டர் வந்தாலும், அச்சாகப்போகிற அதே அளவில் ஒரு வெற்று அட்டையை முதலில் வெட்டிக் கொடுப்போம். ஆர்டர் கொடுத்தவர் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார், சுவரில் வைத்துப் பார்ப்பார், பிறகு பின்பக்கம் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் வேலை தொடங்கும். எழுத்துப்பிழை வந்தால் திட்டு விழும், மறுபடி ஓட்டித் தருவார்கள். டம்மியை அளவு மாற்றி வெட்டியவளை மட்டும் யாரும் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையைப் பார்த்துச் சரி சொன்னவன் நம்மை நம்பிச் சொல்கிறான் என்பது சிவகாசியில் கட்டிங் மெஷின் துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும்.

கல்லூரியில் சேர்க்கை முடிந்து வந்த அன்று நீ சாப்பிடக்கூட உட்காரவில்லை. சென்னையில் ஒரு கம்பெனி ஒவ்வொரு வருடமும் மூன்றாம் வருடப் பிள்ளைகளில் நான்கு பேரைத் தேர்வு வைத்து எடுக்கிறது, ஆறு மாதம் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை என்று யாரோ சீனியர் சொன்னதைச் சொன்னாய். தேர்வுக்கு அவரவர் லேப்டாப்பைக் கொண்டுபோக வேண்டும், வகுப்பு நடக்கிற அதே ஹாலில்தான் நடக்கும் என்றாய். அங்கே மேஜை கிடையாது. நாற்காலியின் வலது கையில் எழுதுவதற்கு ஒரு சின்னப் பலகை. அந்தப் பலகையைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து உள்ளங்கையில் எழுதி வந்திருந்தாய். "பதிமூணரை இன்ச்சும்மா. அதுல நிக்கிற மாதிரி பாத்து வாங்கணும்" என்றாய். சேர்ந்த அன்றைக்கே மூன்று வருடம் கழித்து வரப்போகிற பரீட்சைக்கு நாற்காலியை அளந்து வந்த பிள்ளை நீ. அன்றைக்கு ராத்திரி உன் அப்பா சோறு பிசைந்துகொண்டே, "நம்ம பய நம்மளவிட வெவரம்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

டம்மி வெட்டித் தரச் சொன்னதும் நீதான். பதினான்கு, பதினைந்து புள்ளி ஆறு இரண்டுக்கும் அட்டை வெட்டு, அதில் எடையையும் கட்டு, தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றாய். கடை நோட்டீசில் சென்டிமீட்டரில் போட்டிருந்த அளவை இன்ச்சுக்கு மாற்றினேன். சின்னது ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால். பெரியது பதினாலேகால். அதாவது பெரியது பலகையில் நிற்காது. முக்கால் இன்ச் வெளியே தொங்கும். சீட்டில் பதினாலேகால் என்று எழுதினேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு அதை அடித்துவிட்டுப் பதிமூன்றரை என்று எழுதி, கட்டிங் மெஷின் பார்க்கிற அண்ணாச்சியிடம் நீட்டினேன். பழைய காலண்டர் அட்டையில் வெட்டித் தரச் சொன்னேன்.

அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பதினாலேகால்னு எழுதி அடிச்சிருக்கியே தாயி. எது சரி?"

"பதிமூணரைதான் அண்ணாச்சி."

"பார்ட்டிகிட்ட கேட்டுக்கிட்டியா?"

"வீட்டு வேலைதான்."

"வீட்டுக்குன்னா ஸ்கேலு வேற அளவு காட்டுமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே கத்தியை இறக்கினார். நான் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

எடையில் நான் ஏமாற்றவில்லை. ஆர்ட் பேப்பர் கழிவை நிறுத்து, இரண்டு அட்டையிலும் சரியாகக் கட்டினேன். நீ அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் வந்தாய். பெரியது தோளை இழுக்கிறது என்றாய். பழகிவிடும் என்றேன். பிறகு கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீசால் பதிமூன்றரை இன்ச்சுக்கு ஒரு கட்டம் போட்டு, அதன் மேல் என் அட்டையை வைத்தாய். கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தது. குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "நிக்குதும்மா" என்றாய். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் போன அன்று உன் அப்பா பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொண்டார். எவ்வளவு கழுவினாலும் போகாத அலுமினியப் பொடி காதோரத்தில் மினுங்க, பெரிய லேப்டாப் முன்னால் நின்று, "ஏண்ணே, இதுல படம் போட்டா மூணு பேரு பாக்கலாம்ல?" என்று கேட்டார். கடைக்காரர், "நாலு பேரே பாக்கலாம்ணே, நீங்க எத்தன பேரு வந்திருக்கீக?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அப்புறம்தான் இரண்டின் மேலும் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

ஏன் செய்தேன் என்பதை இப்போது எழுத வேண்டும். வீட்டில் எனக்கு ஒரு பெரிய திரை வேண்டியிருந்தது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டால், மார்கழி வரை எங்களுக்கு சீசன். டிசைன் பிரிவில் இருப்பதே இரண்டு கம்ப்யூட்டர்தான். என் முறை வரக் காத்திருந்து, வேலை முடித்து வீடு வரும்போது உன் தங்கை பாதி நாள் சாப்பிடாமலே தூங்கியிருப்பாள். வீட்டில் ஒரு மெஷின் இருந்தால் ஆறு மணிக்கே வந்து மிச்சத்தை இங்கேயே செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். சின்னத் திரையில் காலண்டர் பக்கத்தைத் திறந்தால் ராகுகாலமும் எமகண்டமும் எறும்பு மாதிரி ஊரும். பெரியதில் கண் உறுத்தாது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால், நீ யோசிக்காமல் பெரியதையே வாங்கச் சொல்லியிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. உன் பெயரில் வாங்குவதை உனக்காகவே வாங்கினேன் என்று எனக்கே ஒரு நினைப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அது முழு உண்மையும் இல்லை. இன்னொன்று இருக்கிறது, அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அச்சகத்தில் என் திரை முதலாளியின் கண்ணாடி அறையைப் பார்த்தபடி இருக்கும். பத்து வருடமாக நான் என்ன தட்டினாலும் யாராவது பார்க்கலாம். வேலை முடிந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மனதில் இருப்பதை நாலு வரி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. உன் லேப்டாப்பில் 'புது வேலை 3' என்று ஒரு கோப்பு இருக்கும், பார்த்திருப்பாய். அது காலண்டர் இல்லை. உன் படிப்புக்கு வந்த பொருளில் எனக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் வேறு வழி இல்லாமல் இல்லை. அச்சகத்து மூலையில் பழைய மானிட்டர் ஒன்று உறை போட்டுக் கிடந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து அதே மூலையில் வைப்போம். முதலாளியிடம் கேட்டிருந்தால், எடுத்துக்கொண்டு போம்மா என்றிருப்பார். உனக்குப் பதினான்கு இன்ச்சை வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு வந்ததும் ஒரு வயரில் அந்த மானிட்டரை மாட்டியிருந்தால் எனக்கும் பெரிய திரை கிடைத்திருக்கும். இது எனக்கு அப்போதே தெரியும். கேட்க கௌரவம் தடுத்தது. முதலாளியிடம் பழைய பொருளைக் கேட்டு நிற்பதைவிட, பெற்ற பிள்ளையை ஏமாற்றுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பெரிதாக வாங்குவது நம் வீட்டுப் பழக்கம் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் உனக்குப் பெரிய ஆள் ஓட்டுகிற சைக்கிளை வாங்கினோம். வளர்ற பயதான என்றார் உன் அப்பா. ஒரு வருடம் முழுக்கக் குரங்குப் பெடல் போட்டே ஓட்டினாய். மல்லாங்கிணறு அத்தை வீட்டுக்கு நாம் போயிருந்தபோது, யாரோ அதே மாதிரி சைக்கிளைக் கொடுக்க, கண்மாய்க் கரையிலிருந்து உருண்டு முழங்கைத் தோல் பெயர்ந்து வந்து, வலிக்கவில்லை என்றாய். ஷூவை இரண்டு சைஸ் கூட்டி வாங்கி நுனியில் பேப்பரைத் திணித்துக் கொடுத்தேன். சட்டையும் அப்படியே. ஆனால் சைக்கிளுக்கும் சட்டைக்கும் நீ வளர்ந்து சேர்ந்தாய். அந்தப் பலகை வளரவில்லை. அதோடு, சைக்கிள் வாங்கும்போது நான் யாரிடமும் பொய் அளவு காட்டவில்லை.

முதல் மாதம் நீ தினமும் அதைக் கொண்டுபோனாய். விருதுநகர் பஸ்ஸில் நிற்கவே இடம் கிடைக்காது. பையை முதுகில் போட்டால் பின்னால் நிற்கிறவர் முறைப்பார், முன்னால் கட்டிக்கொண்டால் உனக்குக் கம்பி எட்டாது. கைக்குழந்தைக்காரி மாதிரி நிக்கேன் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். வகுப்பில் பலகையில் நிற்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும் ஒருநாள், "லேப்லயே சிஸ்டம் இருக்கும்மா, இது இங்கனயே கெடக்கட்டும்" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? சரி என்றேன், ஏன் என்று கேட்கவில்லை. அந்த வருடம் உன் நோட்டுகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தன. ஒருநாள் பேப்பர்காரருக்குப் போட எடுக்கும்போது புரட்டினேன். கம்ப்யூட்டர் நிரல்களை முதலிலிருந்து கடைசி வரை பேனாவால் எழுதி, தப்பு வந்த வரியை அடித்து, மறுபடி முழுதாக எழுதியிருந்தாய். பக்கத்துக்குப் பக்கம் அப்படி. மிச்சத்தைப் போனில் கட்டைவிரலால் தட்டியிருக்கிறாய். நான் நோட்டை மூடி மற்ற பேப்பரோடு சேர்த்துக் கட்டினேன். அப்படியே மூன்று சீசன் ஓடின.

மூன்றாம் வருடம் கார்த்திகையில் அந்தத் தேர்வு வந்தது. ஒரு வாரம் முன்பே, வியாழக்கிழமை லேப்டாப் எனக்கு வேணும்மா என்று சொல்லிவிட்டாய். சரி என்று சொன்னவள், வியாழக்கிழமை விடிந்ததும் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரின் ப்ரூஃபைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு அனுப்ப வேண்டியது. உனக்கு ஏழு மணிக்குத்தானே பஸ், அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நடுவில் கரண்ட் போனது. பேட்டரியிலேயே வேலையைத் தொடர்ந்தேன். நீ குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, திருநீறு பூசி, திறந்த பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாய். கோப்பு சேவ் ஆகிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக் கோடு நகரவே இல்லை.

"இந்தா, ரெண்டே நிமிசம்லே" என்றேன்.

"சரிம்மா."

வாசலில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நீ நகரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் கையில் கொடுத்தபோது நீ திரையின் மூலையைப் பார்த்தாய். முப்பத்தெட்டு சதவீதம். மூடினாய், பையில் வைத்தாய், ஜிப்பை இரண்டு தடவை இழுத்து மூடினாய். "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாய்.

ஹாலில் பிளக் பாயிண்ட் சுவரோரம் மட்டும்தான். முதலில் வந்தவர்கள் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். உனக்குக் கிடைத்தது நடு வரிசை. பலகையில் அது நிற்கவில்லை. மடியில் வைத்து, ஒரு முழங்காலைத் தூக்கிக்கொண்டு தட்டினாய். இரண்டு மணி நேரத் தேர்வில் பாதி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிட்டது. இதையெல்லாம் நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சொன்னாய். அவர் வந்து, "பயலுக்கு சார்ஜு நிக்கலயாம். காலைல நீ அதுல வேல பாத்தியோ?" என்று கேட்டார். "கொஞ்ச நேரந்தான்" என்றேன். அவருக்கு லேப்டாப்பின் பேட்டரி பற்றித் தெரியாது. கொஞ்ச நேரம் என்று நான் சொன்னதும் நம்பிவிட்டு, கெட்ட நேரம் என்று முடித்துக்கொண்டார்.

சுவரோரம் இடம் கிடைத்து, மெஷின் பலகையில் நின்று, பேட்டரி முழுதாக இருந்திருந்தால் நீ அந்த நான்கு பேரில் வந்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு பல நாள் காலம் தள்ளினேன். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் வரும்போது, வினா கடினமாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு உன் நோட்டில் அடித்து அடித்து எழுதிய பக்கங்கள் நினைவுக்கு வரும். நீ தோற்றாயா ஜெயித்தாயா என்று கண்டுபிடிக்கிற வாய்ப்பே உனக்குக் கிடைக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டது நான்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற புதுப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் சொல்ல வேண்டிய வயது தாண்டிவிட்டதால். கடையில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே மேஜை பெரிது, பக்கத்திலேயே பிளக் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏறப் போவதில்லை. எங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறீர்களோ அந்த இடத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். நோட்டீசில் போட்டிருக்கும் இன்ச் திரையின் மூலைக்கு மூலை அளவு. வெளிக்கூட்டின் அகலம் தனியாகச் சின்ன எழுத்தில் இருக்கும், அதைக் கேளுங்கள். தினமும் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்குப் பதினான்கு போதும். வீட்டில் பெரியதாகப் பார்க்க வேண்டுமென்றால் பழைய மானிட்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம், யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, படம் வரைகிற படிப்பு என்றால் பெரியதை யோசிக்கலாம். கண்ணுக்கு நல்லது என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், யார் கண்ணுக்கு என்று கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கைக்கு லேப்டாப் வாங்கும் பேச்சு வந்தது. அவளும் அதே கல்லூரி, அதே ஹால், அதே நாற்காலிதான். டம்மி வெட்டணுமே என்று நான் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நீ பீரோவுக்கு மேலிருந்து ஓர் அட்டையை எடுத்தாய். நான் வெட்டிக் கொடுத்த அதே அட்டை. ஒரு பக்கம் அருவிப் படம், மறுபக்கம் வெற்று. அதில் கிளிப் மாட்டி மூன்று வருடமும் பரீட்சை எழுதியிருக்கிறாய். அது அந்த அட்டைதான் என்று நான் கவனிக்கவே இல்லை. வெற்றுப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், உன் எழுத்தில், பதிமூன்றரை என்றும் அதன் கீழே பதினாலேகால் என்றும் எழுதி, நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாய்.

"இந்தத் தடவ அட்டய நானே வெட்டிக்கிறேம்மா" என்றாய். குத்தலாகச் சொல்லவில்லை. ஸ்கேலைத் தேடிக்கொண்டே சொன்னாய்.

கட்டிலில் உட்கார்ந்தேன். "எப்பலே தெரியும்?"

"கடைக்குப் போறதுக்கு முந்தின நாளே. போன்ல அகலம் போட்டிருந்துச்சுல்லா."

"பெறகு ஏன் சொல்லல?"

நீ ஸ்கேலைக் கண்டுபிடித்துவிட்டாய். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றாய்.

உன் தங்கைக்குப் பதினான்கு இன்ச் வாங்கினோம். அவளுக்கு அது பலகையில் நிற்கிறது. பெரியதை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாய், இதை அதில்தான் தட்டியிருக்கிறேன். அந்த வருடம் உன் வகுப்பிலிருந்து நான்கு பேர் சென்னைக்குப் போனார்கள். நீ சாத்தூரில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் லாரிக்கு ஏறுகிற லோடு விவரத்தை டைப் அடிக்கிறாய்.

அம்மா